சைக்கிளுக்கு ஓரம் விடுங்கள்!

"இந்தக் கோட்டையைக் கட்டினது யார், தம்பி?"

திண்டுக்கல் மலைக்கோட்டையின் அடிவாரம். ஞாயிற்றுக்கிழமை காலை. சர்க்கார் கொடுத்த சைக்கிளில் உட்கார்ந்தபடி ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றுகொண்டிருந்த பையனிடம்தான் இப்படிக் கேட்டேன். பிளஸ் ஒன் படிக்கிறான். தினமும் இந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறான்.

"திப்பு சுல்தான், சார்" என்றான். கொஞ்சம் யோசித்தான். "இல்லேன்னா வெள்ளைக்காரன்."

"மேலே ஏறிப் பார்த்திருக்கியா?"

"இல்லைங்க சார்."

பையனைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இதே ஊரில் பிறந்து வளர்ந்த நானும் கல்லூரிப் படிப்பு முடியும் வரையில் மேலே ஏறிப் பார்த்தவன் அல்ல!

கோட்டையைக் கட்டத் தொடங்கியவர் மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்பர். ஆண்டு 1605. அதைப் பலப்படுத்தியவர் திருமலை நாயக்கர். பின்னாளில் மைசூரை ஆண்ட ஹைதர் அலி, 1755ல் இந்தத் திண்டுக்கல்லுக்குத்தான் பௌஜ்தாராக வந்தார். அவருடைய உயர்வுக்கு முதல் படி நம் ஊர்! 1792ல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. அவர்களை எதிர்த்து நின்ற விருப்பாட்சி பாளையக்காரர் கோபால் நாயக்கர், 1801ல் இதே திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார்.

இவ்வளவும் பாடப் புத்தகத்தில் இரண்டு வரியில் இருக்கலாம். பையனின் சைக்கிள் சக்கரத்துக்கு அடியிலோ முழுசாக இருக்கிறது. சைக்கிளும் இருக்கிறது, சரித்திரமும் இருக்கிறது. இரண்டும் ஏன் சந்திக்கவில்லை?

இந்தக் கேள்வி எனக்குத் திண்டுக்கல்லில் பிறக்கவில்லை. கடலோரத்தில் பிறந்தது. அந்தக் கதையைச் சொல்லுகிறேன், கேளுங்கள்.

நாகை முதல் பூம்புகார் வரை

தை மாதத்தில் ஒருநாள். நானும் நண்பர் ஒருவரும் திருச்சி வழியாக ரயிலில் நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தோம். தெரிந்தவர் வீட்டில் இரண்டு சைக்கிள்களை இரவல் வாங்கிக்கொண்டோம். கியர் வைத்த பந்தய சைக்கிள் அல்ல. பால்காரர் ஓட்டுகிற சாதாரண சைக்கிள். பின்னால் கேரியர். அதில் ஒரு துணிப்பை, தண்ணீர்ப் பாட்டில், காற்றடிக்கும் பம்பு. விடியுமுன் கிளம்பினோம்.

நாகையிலிருந்து பூம்புகார் வரை கடலை ஒட்டினாற்போல் வடக்கே போகிறது சாலை. மொத்தம் 55, 60 கிலோமீட்டர் இருக்கும். பஸ்ஸில் போனால் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருப்பதற்குள் வந்துவிடும். நாங்கள் ஒரு முழுப் பகலை எடுத்துக்கொண்டோம். அந்தப் பகலில் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தோம் என்றால் அது மிகையல்ல.

நாகையிலே ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரம் இருந்தது. கடல் கடந்த பௌத்த மன்னரின் விகாரத்துக்குச் சைவச் சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை எழுதிக்கொடுத்தான். அந்தச் செப்பேடுகள் பின்னாளில் ஹாலந்து நாட்டு லெய்டன் நகரத்துக்குப் போயின. ஹாலந்துக்காரர்கள் இங்கே எப்படி வந்தார்கள்? 1658ல் போர்த்துகீசியரிடமிருந்து நாகையைப் பிடித்து, 1781ல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை வைத்திருந்தவர்கள் அவர்கள்தான்.

சிறிது தூரம் மிதித்தால் நாகூர். தர்காவின் மினார்கள் வெகு தொலைவிலிருந்தே கண்ணில் படும். அவற்றுள் மிக உயர்ந்ததைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிம்மர். முஸ்லிம் மகானின் அடக்கத் தலத்துக்கு இந்து மன்னரின் காணிக்கை!

அடுத்தது காரைக்கால். காரைக்கால் என்றதும் சிலருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். அது கிடக்கட்டும். காரைக்கால் அம்மையார் பிறந்த ஊர் அது. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்து, 1954 நவம்பர் 1ஆம் தேதி இந்திய நிர்வாகத்துக்கு வந்த ஊர்.

அதற்கும் வடக்கே தரங்கம்பாடி. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை இன்றும் அலைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. 1706ல் இங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் தாளுக்கும் அந்த அச்சுக்கூடத்துக்கும் உறவு உண்டு! 1845ல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு டேனிஷ்காரர்கள் போய்விட்டார்கள். அவர்களுக்கு முந்நூறு ஆண்டுகள் முந்தியது பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில். அதில் பெரும் பகுதியைக் கடல் தின்றுவிட்டது.

சாலையை விட்டு ஒரு திருப்பம்

தரங்கம்பாடியை விட்டுச் சிறிது உள்ளே திரும்பினால் தில்லையாடி. தென்னாப்பிரிக்காவில் காந்திஜியின் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, நோயோடு வெளியே வந்து, 1914ல் பதினாறு வயதில் உயிர் நீத்த வள்ளியம்மையின் பெற்றோர் வழி ஊர். 1915ல் காந்திஜியே இங்கே வந்து போனார்.

மோட்டாரில் போகிறவர்கள் இங்கே திரும்பமாட்டார்கள். அவர்களுக்குத் திருக்கடையூரில் அபிராமி தரிசனம்; அப்புறம் சாப்பாடு. காரைத் திருப்புவது டிரைவரின் விருப்பம். பஸ்ஸை நிறுத்துவது கண்டக்டரின் விருப்பம். சைக்கிளைத் திருப்புவதோ நம் விருப்பம். வழிகாட்டிப் பலகையைக் கண்டோம், ஹாண்டிலை ஒடித்தோம், போய்விட்டோம். சைக்கிள் பிரயாணத்தின் பெருமையே இதுதான். நடையைவிட வேகம், மோட்டாரைவிட நிதானம். கருவாட்டு மணமும், உப்புக் காற்றும், வயலில் நாற்று நடுகிற பெண்களின் பேச்சும் நம்மோடு கூடவே வரும்.

வழியில் ஒரு டீக்கடை. கடைக்காரப் பாட்டி எங்கள் வேர்வையைப் பார்த்துவிட்டு, "எங்கேர்ந்து தம்பி வர்றீங்க, சைக்கிள்ல?" என்று கேட்டார்.

"திண்டுக்கல், பாட்டி."

"அம்மாடி! அங்கேர்ந்தே மிதிச்சா?"

சிரித்துவிட்டோம். விளக்கிச் சொன்னதும் பாட்டியும் சிரித்தார். பிறகு, 2004 டிசம்பர் 26ஆம் தேதி அலை எந்தத் தென்னைமரம் வரையில் ஏறி வந்தது என்று கையை நீட்டிக் காட்டினார். அந்த மரத்தைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இராது. காரில் போகிறவர்களிடம் பாட்டி அதைச் சொல்லவும் மாட்டார்.

அந்தி சாயும் நேரத்தில் பூம்புகார் சேர்ந்தோம். வழியில் கீழையூரில், தொல்பொருள் இலாகா அகழ்ந்தெடுத்த செங்கல் படகுத்துறையைக் கண்டோம். ஒரு காலத்தில் மரக்கலங்கள் கட்டி நின்ற இடம். 1973ல் எழுந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தின் பக்கத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் காவிரி கடலில் கலக்குமிடத்தில் கால் நனைத்தோம். கால் வலி? அலையோடு போயிற்று!

மணலில் விழுந்த நண்பர்

எல்லாம் இன்பமாகவே நடந்தது என்று சொன்னால் பொய் சொன்னவன் ஆவேன்.

காரைக்காலைத் தாண்டிச் சிறிது தூரம். பின்னால் ஒரு பஸ். ஹாரன் காதைப் பிளந்தது. எதிரே ஒரு லாரி. இரண்டுக்கும் நடுவில் எங்களுக்கு இடம் எங்கே? நண்பர் தாரை விட்டு மண்ணில் இறங்கினார். தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் அரை அடிப் பள்ளம். சக்கரம் சறுக்கி, ஆள் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. விழுந்தது மண் பக்கம். தார் பக்கம் விழுந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதும் மனம் எனக்கு இருந்திராது.

பஸ் நிற்கவே இல்லை. டிரைவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அவருக்கு நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். குறை சாலையில் இருக்கிறது. லாரிக்கு எவ்வளவு அகலம், பஸ்ஸுக்கு எவ்வளவு, காருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சாலை போடுகிறார்கள். சைக்கிளுக்கு எவ்வளவு என்று கேட்பார் இல்லை.

நண்பர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோது எங்களைக் கடந்து போனவர்களைப் பார்த்தேன். மீன் கூடையைக் கேரியரில் கட்டிய ஒருவர். கொத்துக் கரண்டியைப் பையில் செருகிய கொத்தனார். இரட்டைப் பின்னல் போட்ட இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள். நாங்கள் வருஷத்தில் ஒரு நாள் வருகிறவர்கள். அவர்கள் தினமும் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் மிதிக்கிறவர்கள். சாலையோரத்தில் அவர்களுக்குத்தான் முதல் உரிமை; எங்களைப் போன்ற ஊர் சுற்றிகளுக்கு இரண்டாவது.

வேடிக்கையான ஒற்றுமை

பூம்புகார் மணலில் உட்கார்ந்திருந்தபோது ஒரு வேடிக்கை தோன்றியது.

இந்த ஒரே சாலையில் மூன்று ஐரோப்பிய நாட்டார் வந்து குடியேறினார்கள். நாகையில் ஹாலந்துக்காரர், காரைக்காலில் பிரெஞ்சுக்காரர், தரங்கம்பாடியில் டேனிஷ்காரர். இன்றைக்கு உலகத்தில் சைக்கிளுக்குப் பெயர் போன நாடுகள் எவை என்று கேளுங்கள். ஹாலந்து, பிரான்ஸ், டென்மார்க்! ஹாலந்தில் ஜனத்தொகையைவிடச் சைக்கிள் தொகை அதிகம். 1903ல் தொடங்கிய பிரெஞ்சு தேசச் சைக்கிள் பந்தயம் உலகப் பிரசித்தம். டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் நடைபாதைக்கும் மோட்டார் பாதைக்கும் நடுவே, சற்றே உயர்த்தி, சைக்கிளுக்கென்று தனிப் பாதை போட்டிருக்கிறார்கள். வட கடல் ஓரமாகப் பல நாடுகளைக் கடந்து போகும் சைக்கிள் பாதையும் உண்டு. ஹாலந்தும் டென்மார்க்கும் அதில் வருகின்றன.

"அவர்கள் பழகிவிட்டார்கள். நம்மால் ஆகுமா?" என்பார்கள் சிலர்.

அவர்களும் பிறக்கும்போதே பழகி வந்தவர்கள் அல்ல. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின் ஹாலந்திலும் மோட்டார்கள் பெருகின. சைக்கிள்காரனை ஓரத்துக்குத் தள்ளினார்கள். 1971ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் 400க்கும் அதிகமானவர்கள் குழந்தைகள். தாய் தகப்பன்மார் தெருவில் இறங்கினார்கள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்று முழங்கினார்கள். எண்ணெய் விலையும் ஏறியது. சர்க்கார் மனம் மாறியது. பாதை பிறந்தது. ஆகவே, அது சுபாவம் அல்ல, தீர்மானம்.

நம்மிடம் இல்லாததா?

சைக்கிள் நமக்கு அந்நியமா? அம்பத்தூரில் 1949லேயே சைக்கிள் தொழிற்சாலை நிறுவப்பட்டது. ஒரு மணி நேர வாடகைக்கு சைக்கிள் எடுத்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு பழகாத பையன் நம் தெருவில் யார்?

பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1991ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க ஊக்கம் தந்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். கல் குவாரித் தொழிலாளியும், வயல் வேலைக்காரியும், ஆசிரியையும் மிதித்தார்கள். பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் அவலம் குறைந்தது. ஆண் துணைக்காகக் காத்திருக்கும் அவலமும் குறைந்தது.

பிறகு தமிழக சர்க்கார் 2001-02ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, 2005-06ல் மற்ற மாணவ மாணவிகளுக்கும் அதை விரிவாக்கியது. நான் மலைக்கோட்டை அடிவாரத்தில் கண்ட பையனின் சைக்கிள் அப்படி வந்ததுதான். சைக்கிளைக் கொடுத்த சர்க்கார் அதை ஓட்டுவதற்கு ஓரம் கொடுக்க மறந்துவிட்டது. குதிரையைப் பரிசளித்துவிட்டு லாயம் இல்லை என்றால் எப்படி?

வெயில் என்பார்கள். வாஸ்தவம். ஆனால் வெயிலுக்கு நம் முன்னோர் மருந்து கண்டிருந்தார்கள். ராணி மங்கம்மாள் சாலை போட்டார், இரு பக்கமும் மரம் நட்டார், சத்திரம் கட்டினார். மூன்று நூற்றாண்டுகள் கழித்து நாமோ, அகலப்படுத்துகிறோம் என்று சொல்லிச் சாலையோரப் புளியமரங்களை வெட்டினோம். நிழலை வெட்டிவிட்டு வெயிலைப் பழிப்பது நியாயமா?

மூன்று யோசனைகள்

குறை சொல்லிவிட்டு ஓடிப்போகிறவன் அல்ல நான். மூன்று யோசனைகளைச் சொல்லுகிறேன். பெரிய செலவு பிடிக்காத யோசனைகள்.

முதலாவது: பழைய சாலை. விழுப்புரத்திலிருந்து புதுவை வழியாக நாகைக்கு நான்கு வழிச் சாலை போடும் வேலையைச் சர்க்கார் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஊர்களுக்கு வெளியே புறவழியாகப் போகும் சாலை. லாரிகளும் விரைவு பஸ்களும் அதற்குப் போய்விட்டால் ஊர்களை இணைக்கும் பழைய சாலை மூச்சுவிடும். அந்தப் பழைய சாலையைப் பாழாக்காதீர்கள். அதில் வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். இருபுறமும் ஓரத்தை மேடு பள்ளமில்லாமல் சைக்கிளுக்கு ஒதுக்குங்கள். மரம் நடுங்கள். நாகையிலிருந்து பூம்புகார் வரை இந்தியாவுக்கே முன்மாதிரியாக ஒரு சைக்கிள் பாதை அமைந்துவிடும்.

இரண்டாவது: சத்திரம். கோட்டை, கோயில், தர்கா, மாதா கோயில் இருக்கும் ஊர்தோறும் சைக்கிள் நிறுத்த ஒரு கொட்டகை, குடிதண்ணீர், காற்றடிக்கும் பம்பு, குறைந்த கட்டணத்தில் படுக்க ஒரு கூடம். மாளிகை கட்ட வேண்டாம். பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய கட்டடத்தைத் திறந்து வெள்ளையடித்தால் போதும்.

மூன்றாவது: பள்ளிக்கூடம். மாதத்துக்கு ஒரு ஞாயிறு, ஆசிரியர் ஒருவர் முன்னே செல்ல, பிள்ளைகள் சைக்கிளில் பின்னே செல்லட்டும். கடலோரப் பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல. நம் திண்டுக்கல் பிள்ளைகளுக்கும்தான்.

நமக்குக் கடல் இல்லை, அதனால் என்ன? ஒரு ஞாயிறு மலைக்கோட்டை. அடுத்த மாதம் வடக்கே குடகனாற்றங்கரைத் தாடிக்கொம்பு. சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சிற்பங்களுக்கு முன் நின்றால் நேரம் போவது தெரியாது. மற்றொரு மாதம் மதுரைச் சாலையில் சின்னாளபட்டித் தறிச் சத்தம். அதன் அருகிலேயே 1947ல் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம். கால் பலப்பட்ட பிள்ளைகள் வத்தலக்குண்டு வரையில் போகலாம். விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவாவும், நாவலாசிரியர் ராஜமய்யரும் பிறந்த ஊர் அது. இங்கும் நான்கு வழிச் சாலையை அவர்கள் தொடக்கூடாது. கிராமத்துச் சாலைகள் வழியாகவே போக வேண்டும். அந்தச் சாலைகளுக்கு ஓரம் வேண்டும்.

கடைசியாக...

கோட்டை அடிவாரத்துப் பையனை விட்டுவிட்டேனே!

"வா தம்பி, ஏறிப் பார்ப்போம்" என்று கூப்பிட்டேன். சைக்கிளைப் பூட்டிவிட்டு வந்தான். பாறையில் வெட்டிய படிகளில் என்னைவிட வேகமாக ஏறினான். மேலே பீரங்கி வைத்த இடம், உடைந்த கொத்தளம், வெறுமையாக நிற்கும் கோயில் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தான். மதில் ஓரத்தில் நின்று கீழே ஊரைப் பார்த்தான். அவன் பள்ளிக்கூடம் தெரிந்தது. தினமும் மிதிக்கிற சாலை வெள்ளை நூலாகத் தெரிந்தது. அதற்கு அப்பால் சிறுமலை.

"சார், அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டான்.

நான் எதிர்பார்த்த கேள்வி! அவன் போய்ப் பார்க்கத்தான் போகிறான். அவனிடம் சைக்கிள் இருக்கிறது. காலில் பலம் இருக்கிறது. இப்போது ஆசையும் வந்துவிட்டது. பத்திரமாகப் போய்த் திரும்பி வர அவனுக்கு வேண்டியது சாலையில் மூன்றடி ஓரம்.

அதைக் கொடுக்க நமக்கு மனம் இல்லையா?